சிலந்திக்காக அழலாமா

1974ஆம் ஆண்டு, மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வயல்களுக்கு நடுவே உழவுக்குத் தப்பிக் கிடந்த ஒரு புதர்க்காட்டில், பார்பரா யார்க் மெயின் என்ற விலங்கியலாளர் ஒரு நெடுங்கால ஆய்வைத் தொடங்கினார். டாமின் என்ற சிற்றூருக்கு அருகிலுள்ள அந்த இடத்தின் பெயர் வடக்கு புங்குல்லா காப்பகம். தரைக்கடியில் வளை தோண்டி, அதன் வாயில் பட்டு இழையால் மூடி போட்டு வாழும் கதவுச் சிலந்திகள் அங்கே உண்டு. மெயின் அவற்றின் வளைகளைத் தேடிக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண் பொறித்த முளை ஒன்றை நட்டார். அந்த வரிசையில் பதினாறாவதாக முளை பெற்றது, கேயஸ் வில்லோசஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு பெண் சிலந்தி. '16ஆம் எண்' என்பதே அதன் பெயராக நிலைத்துவிட்டது.

இந்த இனத்துப் பெண், இளமையில் தோண்டிய வளையிலேயே ஆயுள் முழுவதையும் கழிக்கும். உடல் பெருக்கப் பெருக்க அதே வளையை அகலமாக்கிக்கொள்ளும். ஒன்று இறந்துபோனால் வேறொன்று அந்த வளைக்குக் குடிவருவதில்லை. ஆகவே முளைக்கு அருகில் உள்ள வளையில் உயிர் இருந்தால், அது முன்பு பார்த்த அதே சிலந்திதான். மெயின் ஆண்டுக்கு ஆண்டு வந்து பார்த்தார். அவருக்கு வயதாயிற்று, மாணவர்கள் வந்தார்கள், போனார்கள். 16ஆம் எண் அதே இடத்தில் இருந்தது.

2016 அக்டோபர் 31 அன்று, கர்ட்டின் பல்கலைக்கழக ஆய்வு மாணவி லியாண்டா மேசன் அந்த வளையைப் பார்த்தபோது மூடியில் துளை விழுந்திருந்தது. வளை பராமரிப்பின்றிச் சிதைந்திருந்தது. உள்ளே சிலந்தி இல்லை. ஒட்டுண்ணிக் குளவி ஒன்று மூடியைத் துளைத்துப் புகுந்திருக்கிறது. இத்தகைய குளவி சிலந்தியின் மேல் முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு சிலந்தியையே தின்று வளரும். மேசனும் மெயினும் கிராண்ட் வார்டெல்-ஜான்சனும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, 16ஆம் எண் 43 வயதில் இறந்தது என்று பதிவு செய்தது. அதுவரை அறியப்பட்ட மிக வயதான சிலந்தி, மெக்சிகோ நாட்டின் 28 வயது டரான்டுலா என்ற மயிரடர்ந்த பெருஞ்சிலந்தி. செய்தி உலகெங்கும் பரவியபோது மேசன் தம் வருத்தத்தை மறைக்கவில்லை. அது 50 வயதைத் தொடும் என்று எதிர்பார்த்திருந்ததாகச் சொன்னார்.

அறிவியலாளர்கள் ஒரு சிலந்திக்காக வருந்தியதை உலகம் மரியாதையோடு கேட்டுக்கொண்டது. அதே வருத்தத்தை, வீட்டில் கண்ணாடித் தொட்டியில் டரான்டுலா வளர்த்த ஓர் இளைஞனோ ஒரு பள்ளி மாணவியோ சொன்னால் பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாக வருகிறது. அந்தச் சிரிப்பு தவறு என்பதையும், சிலந்தியின் உடலைப் பற்றியும் நம் மூளையைப் பற்றியும் அறிவியல் கண்டறிந்தவை அந்த இழப்பைத் தாங்கத் துணைசெய்யும் என்பதையும் இந்த அத்தியாயத்தில் பார்க்கலாம்.

பெண்ணுக்கு ஓர் ஆயுள், ஆணுக்கு ஓர் ஆயுள்

டரான்டுலாக்களும் கதவுச் சிலந்திகளும் ஒரே பெரும் பிரிவின் உறவினர்கள். டரான்டுலா குடும்பத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. வீட்டு மூலையில் வலை கட்டும் சிலந்தி ஓரிரு ஆண்டுகளில் முடிந்துபோகிறது. டரான்டுலாவின் உடல் வேறு கணக்கில் ஓடுகிறது. மெதுவாக வளர்கிறது, மிகக் குறைந்த ஆற்றலில் வாழ்கிறது, பல மாதம் உண்ணாமல் இருந்தாலும் தாங்குகிறது. சிலி நாட்டின் ரோஜா நிற டரான்டுலா மாதக்கணக்கில் உணவை மறுப்பது வளர்ப்போர் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

ஆனால் இந்த நீண்ட ஆயுள் பெண்ணுக்கு மட்டுமே வாய்த்தது. பெண் டரான்டுலா பருவமடைந்த பிறகும் சட்டை உரித்துக்கொண்டே இருக்கும். பல இனங்களில் இருபது ஆண்டைத் தாண்டி வாழும். ஆண் பருவமடையும்போது இறுதியாக ஒரு முறை சட்டை உரிக்கிறது. அதன் வாயருகே உள்ள உணர்கால்களின் நுனியில் விந்தைச் சுமக்கும் குமிழ்கள் தோன்றுகின்றன. பல இனங்களில் முன்கால்களில் கொக்கிகளும் முளைக்கின்றன. இணையும் நேரத்தில் பெண்ணின் நச்சுப்பற்களைத் தாங்கிப் பிடிக்க அவை உதவுகின்றன. அதன்பின் ஆண் வளையை விட்டு வெளியேறி, பெண்ணைத் தேடி அலையத் தொடங்கும். இனத்துக்கு ஏற்ப, சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ அதன் வாழ்வு முடிந்துவிடும்.

குட்டியாக வாங்கும்போது ஆணா பெண்ணா என்று சொல்வது கடினம். இருபது ஆண்டு துணையாக இருக்கும் என்று எண்ணி வளர்த்த சிலந்தி, நாலைந்து ஆண்டில் ஆணாகப் பருவமடைந்து, தொட்டிக்குள் ஓயாமல் நடந்து, இரை எடுப்பதைக் குறைத்துக்கொண்டு, கால்கள் தளர்ந்து இறந்துபோகும். வளர்த்தவருக்கு அது திடீர்ச் சாவு. சிலந்தியைப் பொறுத்தவரை அது முழுமையாக வாழ்ந்து முடித்த வாழ்வு. உணவிலோ வெப்பத்திலோ எதை மாற்றியிருந்தாலும் அந்த ஆணுக்கு இன்னும் பத்து ஆண்டு கிடைத்திருக்காது.

மல்லாந்து கிடக்கும் சிலந்தி

டரான்டுலா வளர்க்கும் ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் சாவுப் பயம் அனுபவிப்பது, அது முதன்முதலாகச் சட்டை உரிக்கும் நாளில்தான். சில நாளாகவே உணவைத் தொடாமல் இருந்த சிலந்தி தரையில் பட்டு விரித்து, அதன்மேல் மல்லாந்து, எட்டுக் கால்களும் மேலே பார்க்க அசைவற்றுக் கிடக்கும். பார்த்தவர் செத்துவிட்டது என்றே நினைப்பார். தொட்டு அசைத்துப் பார்க்கத் தோன்றும். அப்படித் தொடுவதுதான் அந்த நேரத்தில் செய்யக்கூடிய மிகப் பெரிய தீங்கு.

அந்த மணிநேரங்களில் நடப்பது கடுமையான வேலை. தலைமார்பின் மேலோடு விளிம்பில் பிளந்து திறக்கிறது. பழைய கால்களுக்குள்ளிருந்து புதிய கால்களைச் சிலந்தி சிறிது சிறிதாக உருவி எடுக்கிறது. வெளித்தோல் மட்டும் கழல்வதில்லை. உணவுக்குழலின் முற்பகுதி, உறிஞ்சும் இரைப்பை, புத்தக நுரையீரல்கள் ஆகியவற்றின் உட்புறத்தை மூடிய மெல்லிய படலமும் கழன்று வருகிறது. பெண்ணின் உடலில் விந்தைச் சேமிக்கும் பையின் உறைகூட உரிந்துவிடும். முன்பு இழந்த கால் ஒன்று, இப்போது சிறியதாகவேனும் மீண்டும் முளைத்திருக்கும். உரித்து முடித்த சிலந்தியின் நச்சுப்பற்கள் வெள்ளையாக இருக்கும். பிறகு சிவந்து, கறுத்து இறுகும். அதுவரை இரை போடக் கூடாது. உயிருள்ள வெட்டுக்கிளி ஒன்றுகூட அந்த மென்மையான உடலைக் கடித்துக் காயப்படுத்திவிடும்.

சாகும் டரான்டுலா பெரும்பாலும் மல்லாந்து படுப்பதில்லை. குப்புற இருந்தபடியே கால்களைத் தன் உடலுக்கு அடியில் மடக்கிச் சுருட்டிக்கொள்கிறது. மல்லாந்தால் பொறுத்திருக்க வேண்டும், குப்புறச் சுருண்டால் கவலைப்பட வேண்டும். இதுவே வளர்ப்போர் முதலில் கற்கவேண்டிய வேறுபாடு. குப்புறச் சுருண்டதும் உயிர் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. கடும் நீரிழப்பாலும் இப்படி நேரும். ஆழமில்லாத நீர்க்கிண்ணத்தின் விளிம்பில் வாய் நனையும்படி மெல்ல வைத்துக் காத்திருந்தால் சில சிலந்திகள் மீள்வதுண்டு. மூச்சுவிடும் நுரையீரல்கள் வயிற்றுப்பகுதியின் அடிப்புறத்தில் இருப்பதால், அந்தப் பகுதி நீரில் மூழ்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டரான்டுலாவின் உடல் மெதுவாக இயங்குவது. ஆகவே இறந்துவிட்டது என்று உறுதிசெய்யவும் பொறுமை தேவை. ஒரு நாள் காத்திருப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

கால்கள் ஏன் மடங்குகின்றன

சுருண்டு கிடக்கும் அந்த உடலைப் பார்த்தவர்களின் மனத்தில் நெடுநாள் தங்கும் எண்ணம் ஒன்று உண்டு. வலியில் துடித்துத்தான் இப்படிக் கால்களை இழுத்துக்கொண்டதோ என்பதே அது. இதற்கு உடலியல் தெளிவான விடை தருகிறது.

நம் கையை மடக்க ஒரு தசை, நீட்ட ஒரு தசை இருக்கிறது. சிலந்தியின் காலில் முக்கியமான இரண்டு மூட்டுகளில் மடக்கும் தசை மட்டுமே உண்டு. நீட்டும் வேலையை இரத்தநீரின் அழுத்தம் செய்கிறது. தலைமார்பில் உள்ள தசைகள் இறுகும்போது இரத்தநீர் கால்களுக்குள் பாய்ந்து அவற்றை நீட்டுகிறது. ஜேசிபி வண்டியின் கை எண்ணெய் அழுத்தத்தால் நீள்வதைப் போன்றதே இது. கேம்பிரிட்ஜில் பாரி, பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் 1959இல் இந்த அழுத்தத்தை அளந்து வெளியிட்டார்கள். உயிர் அடங்கும்போது அழுத்தம் வடிந்துபோகிறது. நீட்டும் விசை இல்லாமல்போகவே கால்கள் தாமாக உள்நோக்கி மடங்குகின்றன.

2022இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஃபே யாப், டேனியல் பிரஸ்டன் ஆகியோர் அடங்கிய குழு, இறந்துபோன ஓநாய்ச் சிலந்தியின் உடலுக்குள் ஊசிவழியாகக் காற்றைச் செலுத்திக் காட்டியது. காற்று புகுந்ததும் கால்கள் விரிந்தன, வெளியேற்றியதும் மடங்கின. தன் எடையைவிட அதிகமான பொருளைக்கூட அந்தக் கால்கள் பற்றித் தூக்கின. இறந்த உடலை இப்படிக் கருவியாக்குவதைச் சிலந்தி வளர்ப்போர் விரும்பாமல் இருக்கலாம். ஆனால் சுருண்ட கால்கள் வேதனையின் அடையாளம் அல்ல, அழுத்தம் இழந்ததன் விளைவு மட்டுமே என்பதை இதைவிடத் தெளிவாக நிறுவ முடியாது.

சிலந்திக்கு வலியே இல்லை என்றும் இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். 1983இல் தாமஸ் ஐஸ்னரும் ஸ்காட் கமசீனும் வெளியிட்ட ஆய்வில், மனிதருக்கு வலி தரும் செரடோனின், ஹிஸ்டமின் போன்ற பொருள்களைக் காலில் செலுத்தியபோது சிலந்திகள் அந்தக் காலையே கழற்றிவிட்டன. தீங்கை உணர்ந்து விலகும் ஏற்பாடு அந்த உடலில் இருக்கிறது. அதனால்தான் உயிரோடு இருக்கும்போது அதைக் கவனமாக நடத்துவது நம் கடமையாகிறது. இறந்தபின் மடங்கிய கால்களைப் பார்த்து நம்மை நாமே வதைத்துக்கொள்ளத் தேவையில்லை.

அது நம்மை அறிந்திருந்ததா

நாய் வளர்த்தவர் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. டரான்டுலா வளர்த்தவரை இது விடாமல் துரத்தும்.

டரான்டுலாவுக்குச் சிறிய எட்டுக் கண்கள் உண்டு. அவற்றால் ஒளியையும் நிழலையும் அசைவையும் ஓரளவு அறியலாம். முகத்தை அடையாளம் காண முடியாது. அதன் உலகம் அதிர்வுகளால் ஆனது. கால்களிலுள்ள நுண்ணிய மயிர்கள் காற்றின் சிறு சலனத்தையும் உணர்கின்றன. ஓட்டிலுள்ள பிளவு உணரிகள் தரையின் நடுக்கத்தைப் பதிவு செய்கின்றன. நாம் தொட்டியின் மூடியைத் திறக்கும்போது அதற்குக் கிடைக்கும் செய்தி, இரை வருகிறது என்பதோ ஆபத்து வருகிறது என்பதோதான். அமெரிக்கக் கண்டத்து இனங்கள் பல, பின்கால்களால் வயிற்று மயிரை உதிர்த்து வீசும். அது கண்ணிலும் தோலிலும் எரிச்சல் தரும். வளர்த்தவர் என்பதற்காக அதில் சலுகை கிடையாது.

அதே சமயம் டரான்டுலா பழகவே பழகாத உயிரும் அல்ல. ஃபிரெட் பன்சோ என்ற ஆய்வாளர் அஃபோனோபெல்மா இன டரான்டுலாக்கள் கற்றுக்கொள்ளும் திறனைச் சோதித்து 1988இல் பதிவு செய்திருக்கிறார். திரும்பத் திரும்ப வந்து தீங்கு செய்யாத அதிர்வுக்கு அது மிரளுவதைக் குறைத்துக்கொள்ளும். 'என்னிடம் அமைதியாக இருந்தது' என்று வளர்த்தவர் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு. அது நம்மை நேசித்தது என்று சொல்வதற்குச் சான்று இல்லை.

இந்த உண்மையை நேராக ஏற்றுக்கொள்ளலாம். அதனால் துக்கத்தின் மதிப்பு குறைந்துவிடாது. இருபது ஆண்டு ஓர் உயிருக்கு நீர் வைத்து, இரை கொடுத்து, வெப்பம் பார்த்து, சட்டை உரிக்கும் இரவில் கண்விழித்துக் காவல் இருந்தவரின் பற்று, பதிலுக்கு எதையும் எதிர்பாராதது. வடக்கு புங்குல்லாவில் அந்த 16ஆம் எண்ணுக்கு மெயினைத் தெரியாது. அதனால் மெயினின் கவனம் வீண் என்று யாரும் சொல்வதில்லை.

மூளை தேடும் இடம்

துக்கம் ஏன் உடம்பிலே உறைக்கிறது என்பதற்கு நரம்பியல் ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. நார்வேயின் டிரான்ட்ஹெய்ம் நகரில் ஆல்பர்ட் சாவோ, மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகியோர் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெட்டி ஒன்றுக்குள் எலிகளை விட்டு, ஓரிடத்தில் ஒரு பொருளை வைத்தார்கள். பிறகு பொருளை எடுத்துவிட்டார்கள். எலி அந்த இடத்தைக் கடக்கும்போது, நினைவோடு தொடர்புடைய ஒரு மூளைப்பகுதியில் சில செல்கள் அங்கே பொருள் இல்லாதபோதும் துடித்தன. நாள் கணக்கில் அந்தத் துடிப்பு நீடித்தது.

அரிசோனா பல்கலைக்கழகத்தில் துக்கத்தை ஆராயும் மேரி-ஃபிரான்சஸ் ஓ'கானர், மனிதத் துக்கத்தை விளக்க இந்த ஆய்வைத் துணைக்கு அழைக்கிறார். நாம் நேசிக்கும் உயிர் எங்கே இருக்கும், எப்போது இருக்கும் என்று மூளை ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. இறப்பு என்ற செய்தி ஒரு கணத்தில் வந்துவிடுகிறது. வரைபடம் ஒரு கணத்தில் மாறுவதில்லை. ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்து, இல்லையென்று அறிந்து, மெல்ல மெல்ல மூளை புதிதாகக் கற்கிறது. துக்கம் என்பது இந்தக் கற்றல் என்கிறார் அவர்.

டரான்டுலா வளர்ப்புக்கு இது அப்படியே பொருந்துகிறது. அது வீடு முழுக்க ஓடித் திரிவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே அலமாரியில், ஒரே தொட்டியில், அதே மரப்பட்டைக்கு அடியில் இருக்கிறது. அறைக்குள் நுழையும்போதெல்லாம் கண் அந்த மூலைக்குப் போய்ப் பழகியிருக்கிறது. தொட்டியை எடுத்த பிறகும் பல வாரம் கண் அங்கே போகும். இது மனப்பலவீனம் அல்ல. பழகிய மூளை தன் வேலையைச் செய்கிறது. தொட்டியை உடனே அகற்ற வேண்டும் என்றோ அப்படியே வைத்திருக்க வேண்டும் என்றோ விதி எதுவும் இல்லை. எது தாங்கக்கூடியதோ அதைச் செய்யலாம்.

மறுத்தல், கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து படிகளைத் தாண்டித்தான் துக்கம் தீரும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியது, தம் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசியதன் அடிப்படையில். நேசித்த உயிரைப் பறிகொடுத்தவர் எல்லோரும் அதே வரிசையில் நடப்பதில்லை. நெதர்லாந்தின் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் இருவரும் 1999இல் முன்வைத்த கருத்து நடைமுறைக்கு நெருக்கமானது. துக்கப்படுபவர் சிலநேரம் இழப்பில் மூழ்குகிறார், சிலநேரம் அன்றாட வேலைக்குத் திரும்புகிறார். இரண்டுக்கும் இடையே மாறி மாறிப் போவதே இயல்பு. காலையில் அழுது மாலையில் நண்பர்களோடு சிரித்தால், காலையில் அழுதது பொய்யாகிவிடாது.

ஊர் ஏற்காத துக்கம்

அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இல் ஒருவகைத் துக்கத்தைத் தனியாகப் பிரித்து விவரித்தார். ஒருவர் உண்மையாகவே இழந்திருக்கிறார். ஆனால் அவர் துக்கப்படும் உரிமையைச் சுற்றியிருப்பவர்கள் ஏற்பதில்லை. வெளிப்படையாக அழ இடமில்லை, விடுப்பு இல்லை, ஆறுதல் சொல்ல ஆளில்லை. வளர்ப்புப் பிராணியின் இழப்பு இதற்கு வழக்கமான எடுத்துக்காட்டு. அதிலும் சிலந்தி என்றால் நிலைமை இன்னும் மோசம். நாய் செத்தால் 'ஐயோ' என்பவர்களே, சிலந்தி செத்தால் 'நல்லதாப் போச்சு' என்கிறார்கள்.

இப்படி மறுக்கப்படும்போது துக்கம் இரட்டிப்பாகிறது. இழப்பின் வலியோடு, இதற்குப்போய் வலிக்கிறதே என்ற வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. அதற்கு மருந்து, அதைப் புரிந்துகொள்ளும் ஒருவரிடமாவது சொல்வது. அதே போன்ற உயிரை வளர்ப்பவர், வீட்டில் நிதானமாகக் கேட்கும் ஒருவர், தேவைப்பட்டால் மனநல ஆலோசகர். தூக்கமும் உணவும் வேலையும் மாதக்கணக்கில் கெட்டுக் கிடந்தால், சிலந்திக்காகவா என்று தயங்காமல் மருத்துவ உதவி நாட வேண்டும்.

வீட்டில் குழந்தை வளர்த்த சிலந்தி இறந்தால் அது ஓடிப்போய்விட்டது என்று பொய் சொல்வது சரியல்ல. பல குழந்தைகள் சந்திக்கும் முதல் சாவு அதுதான். அதன் உடல் நின்றுவிட்டது, இனி அசையாது, பசிக்காது, திரும்பி வராது என்று எளிய சொற்களில் சொன்னால் அவர்களுக்குப் புரியும்.

என் தவறா

பெரும்பாலான வளர்ப்போர் முதலில் தம்மையே குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள். அதில் எவ்வளவு நியாயம் என்பதைக் காரணம் தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

தவிர்க்கக்கூடிய காரணங்கள் உண்டு. தரைவாழ் டரான்டுலாவின் வயிறு கனமானது, தோல் மெல்லியது. கையில் வைத்திருக்கும்போது தவறி விழுந்தால் வயிறு வெடித்து இரத்தநீர் வழிந்தே இறக்கலாம். ஆகவே அதைக் கையில் எடுக்காமல் இருப்பதே நல்லது. பூச்சிக்கொல்லித் தெளிப்பான்களிலும் கொசுவிரட்டிகளிலும் உள்ள பைரித்ராய்டு வகை இரசாயனங்கள் கணுக்காலிகளின் நரம்பைத் தாக்குபவை. அவற்றுக்குக் கரப்பானும் டரான்டுலாவும் ஒன்றே.

நம் கையில் இல்லாத காரணங்கள் இன்னும் அதிகம். முதுமை, ஆணின் குறுகிய ஆயுள், சட்டை உரிக்கும்போது பழைய தோலில் சிக்கிக்கொள்வது ஆகியவை அந்த வகை. நுண்புழுத் தொற்றும் ஒன்று. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தில் ஆட்லர் டில்மன் குழுவினர் 2022இல் விவரித்த டரான்டோபெலஸ் ஜெஃப்டேனியல்சி என்ற புழு, வளர்ப்பு டரான்டுலாக்களின் வாய்ப்பகுதியில் குடியேறுகிறது. நச்சுப்பற்களை இயக்கும் உறுப்புகள் செயலிழக்க, சிலந்தி உண்ண முடியாமல் மாதக்கணக்கில் வாடி இறக்கிறது. வாயருகே வெண்மையான கசிவும் நுனிக்காலால் நடப்பதும் அதன் அறிகுறிகள். டரான்டுலா மாதக்கணக்கில் பட்டினி கிடப்பது இயல்பு என்பதால், இந்த நோய் வளர்ப்பவரின் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடும்.

முடிவு தெரிந்த பிறகு, அது முன்பே தெரிந்திருக்க வேண்டியது என்று மனம் நம்பும். பரூக் ஃபிஷ்ஹாஃப் 1975இல் சோதனைகள் மூலம் காட்டிய மனப்போக்கு இது. அன்று உங்களுக்குத் தெரிந்ததை வைத்தே உங்கள் அன்றைய செயலை எடைபோடுங்கள். தவறு இருந்தால் அடுத்த உயிருக்காக அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

அது விட்டுச்செல்லும் சட்டைகள்

பெரும்பாலான வளர்ப்பு உயிர்கள் தராத ஒன்றை டரான்டுலா விட்டுச்செல்கிறது. அது உரித்த ஒவ்வொரு சட்டையும், அந்த வயதில் அது இருந்த உருவத்தை மயிரும் நச்சுப்பல்லும் உட்பட அப்படியே வைத்திருக்கிறது. விரல்நகம் அளவில் தொடங்கி உள்ளங்கை அளவு வரையிலான சட்டைகளைத் தேதி எழுதி வரிசையாக வைத்தால் அதன் முழு வாழ்க்கையும் கண்முன் இருக்கும். பெண்ணின் சட்டையில் விந்துப் பையின் உறையும் இருப்பதால், அதை வைத்து ஆணா பெண்ணா என்றும் அறியலாம். இறந்தவரோடு உள்ள உறவை அறுத்துக்கொள்ளாமல் வேறு வடிவில் தொடர்வது நலமான துக்கத்தின் பகுதி என்று டென்னிஸ் கிளாஸ் முதலிய ஆய்வாளர்கள் 1996 முதல் எழுதிவருகிறார்கள். இந்தச் சட்டைகள் அதற்கு ஏற்ற பொருள்கள்.

உடலைப் புதைப்பதும் நல்லதே. சிலர் ஆல்கஹாலில் பாதுகாக்கிறார்கள், சிலர் உலர்த்திச் சட்டத்தில் பொருத்துகிறார்கள். மென்மையான வயிற்றுப்பகுதி விரைவில் அழுகும் என்பதால் இதில் தாமதம் கூடாது. புழுத் தொற்று என்ற ஐயம் இருந்தால் தொட்டியின் மண்ணையும் மரப்பட்டையையும் அப்புறப்படுத்தி, தொட்டியைக் கிருமிநீக்கம் செய்யாமல் வேறு சிலந்திக்குப் பயன்படுத்தக் கூடாது.

இந்தியாவில் இதற்குச் சட்டத்தின் பக்கமும் உண்டு. 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அருகிவரும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும். அந்த உயிர் இறந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். மெக்சிகோவின் செம்முழங்கால் டரான்டுலா உள்ளிட்ட பிராக்கிபெல்மா இனங்கள் அந்தப் பட்டியலில் அடங்கும்.

இன்னொன்றை வளர்க்கலாமா என்ற கேள்விக்கு அவசரம் வேண்டாம். மனம் இசைந்தபின் வளர்ப்பதானால், பண்ணையில் பிறந்து சட்டப்படி வந்ததாக இருக்கட்டும். காட்டிலிருந்து பிடித்துவரும் வணிகம் பல டரான்டுலா இனங்களை அச்சுறுத்துகிறது. நம் இராமேசுவரத்தில் கண்டறியப்பட்டு 2004இல் பெயரிடப்பட்ட பொசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா, மரப்பொந்துகளில் வாழும் அரிய டரான்டுலா. பின்னர் இலங்கையின் மன்னாரிலும் அது காணப்பட்டது. ஆந்திராவின் கூட்டி என்ற ஊரில் முதலில் கிடைத்த நீலநிற பொசிலோதீரியா மெட்டாலிக்கா உலகச் சந்தையில் தேடப்படுவது. இரண்டும் மிக அருகிய இனங்களாக, அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் உலகச் செம்பட்டியலில் இருக்கின்றன. 2019இல் பொசிலோதீரியா பேரினம் முழுவதையும் சைட்டிஸ் தன் பட்டியலில் சேர்த்தது. ஒரு டரான்டுலாவை இழந்து வருந்தியவர், இந்த மரப்பொந்துகளைக் காப்பாற்றக் குரல் கொடுப்பதைவிடச் சிறந்த நினைவாஞ்சலி வேறில்லை.

தலைப்பிலுள்ள கேள்விக்கு விடை, அழலாம் என்பதே. உங்களுக்குத் தெரிந்த யாராவது தம் சிலந்தி இறந்துவிட்டது என்று சொன்னால் சிரிக்காதீர்கள். எத்தனை ஆண்டு வளர்த்தாய், அது எப்படி இருக்கும், கடைசியில் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருங்கள்.